விட்டது நாற்பத்தொன்று

சட்டை தைக்கும் ஃபேக்டரியில், செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரே காரியம்தான். மேசைக்கு வரும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தாளில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். நல்ல சட்டைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அது தன்பாட்டுக்கு மடிப்பு மேசைக்குப் போய்விடும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அதையே ஓசியில் செய்கிறேன் என்பான் அண்ணன். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் கழுவி வைத்த பாத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு என் பக்கத்து நியாயம் புரியும்.

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு ஏற்றபடி ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் ஸ்கூல்ல கூடைப்பந்து ஆடினவ. இந்த வீட்டுல யாருக்காவது அது தெரியுமா?" என்று கேட்டாள். கட்டிய புருஷனுக்கே அன்றுதான் தெரிந்தது. அடுத்த மாதமே ஆறு பெண்களைப் பிடித்து ஓர் அணி சேர்த்துவிட்டாள். பஸ் ஓட்டும் டிரைவர், ஒரு நர்ஸ், நூலகத்தில் மேல் தட்டுப் புத்தகத்தை ஏணி இல்லாமல் எடுக்கும் நெட்டை, பேக்கரி அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் ஆள் குறைகிறது என்று மாடி வீட்டிலிருந்து இழுத்து வரப்பட்ட நான்.

ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆறு அணிகள். ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். கடைசியில் நிற்கும் அணி வெளியே போக வேண்டும், வரிசையில் காத்திருக்கும் அணி உள்ளே வரும். வெளியே போனவர்கள் திரும்பி வர எப்படியும் மூன்று வருடம் ஆகும். அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது. "மூணு வருஷம் கழிச்சு என் முட்டி என்ன சொல்லுதோ யார் கண்டா. இப்ப வெளிய போனா அவ்வளவுதான், என் ஆட்டம் முடிஞ்சுது," என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. அது எனக்குத் தெரியும்.

இந்த வருடம் முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. போதாக்குறைக்கு ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் ஃபேக்டரிப் படிக்கட்டில் கால் பிசகி விழுந்தேன். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். உட்காரும் பலகையில் உட்கார்ந்து கத்தோ கத்தென்று கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான்.

"சும்மா கத்தாம உருப்படியா எதாவது பண்ணு. யாரு எங்கேருந்து போடறாங்க, எத்தன போடறாங்கன்னு எழுது. பெரிய டீமெல்லாம் அப்படித்தான் பண்றாங்களாம்," என்றான்.

அவன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல யோசனை என்று நினைத்தேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். பக்கத்துக்கு ஒரு பாதி மைதானம் வரைந்தேன், நடுவே வளையம், ஆளுக்கொரு நிறப் பேனா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று ஆட்டம் பார்த்தேன். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியதா, எங்கே நின்று போட்டார்களோ அங்கே ஒரு பெருக்கல் குறி. வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் பட்டு வெளியே போனதா, இன்னொரு பெருக்கல் குறி. ஒன்றைக்கூட விடவில்லை. அந்த மூன்றில் ஒன்று ஜெயித்தோம், இரண்டு தோற்றோம்.

எட்டாவது ஆட்டம் முடிந்த மத்தியானம், அண்ணி வீட்டு ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து நோட்டைப் பிரித்தேன். பரிசளிப்பு விழாவுக்கு வந்த மாதிரி தொண்டையை வேறு கனைத்துக்கொண்டேன். என் கிறுக்குத்தனத்தை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"டிரைவர், இருபத்திரண்டு தடவை விட்டிருக்கீங்க. நர்ஸ் பத்தொன்பது. பேக்கரி ரெண்டு பேரும் சேர்ந்து பதினாறு. நெட்டையப் பாருங்க, மூணு ஆட்டத்துல ஒரு தப்பு இல்ல. எல்லாரும் அவளப் பாத்துக் கத்துக்கணும்."

நெட்டை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பேசவிடவில்லை.

"அண்ணி, நீங்க நாப்பத்தொண்ணு."

அண்ணி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவா விட்டேன்?"

"எழுதி வச்சிருக்கேன் அண்ணி. பச்சைப் பேனா முழுக்க நீங்கதான்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பச்சைப் பெருக்கல் குறிகள் பக்கம் முழுக்க மொய்த்திருந்தன. "தோக்கறதுக்கு நான்தான் காரணம்னு தெரியாமப் போச்சே," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். "சரி, இனிமே நான் போடல. உங்களுக்குக் குடுத்துடறேன், நீங்க போடுங்க."

ஒன்பதாவது ஆட்டத்தில் சொன்னபடியே செய்தாள். பந்து கைக்கு வந்ததும் சுட்ட சட்டியைத் தொட்டவள் போல அடுத்தவரிடம் தள்ளினாள். ஒரு தடவை வளையத்துக்கு நேர் கீழே தனியாக நின்றாள், பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. அப்போதும் திரும்பி நெட்டைக்கு வீசினாள். நெட்டை பதறிப்போய் அதை அண்ணிக்கே திருப்பி வீசினாள். இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருக்க, எதிரணிப் பெண் நடுவில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். நாற்பதுக்குப் பதினான்கு என்று தோற்றோம்.

நான் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து விட்டது வெறும் பதினேழு. நோட்டைப் பார்த்தால் எங்கள் அணி ஆடியதிலேயே அருமையான ஆட்டம் அதுதான்.

"இது எப்படிடா? தப்பே கம்மியாத்தான் பண்ணியிருக்கோம். எப்படித் தோத்தோம்?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். "விட்டதுக்கு பெருக்கல் போட்டிருக்க. சரி. விழுந்ததுக்கு என்ன குறி?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். முந்தின பக்கத்தைத் திருப்பினேன். முதல் பக்கம் வரை போனேன். விழுந்ததற்கு ஒரு குறியும் இல்லை. கூடையில் விழுந்த பந்து ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், நல்ல சட்டையைக் கை தானாக அனுப்பிவிட்டது.

"அப்ப நெட்டை?" என்றேன்.

"அவ இந்த வருஷம் ஒரு தடவகூடப் போடலியே. பயந்தாங்கொள்ளி. போட்டாத்தானே விட முடியும்."

அதற்குள் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "கடைசி ஆட்டத்துக்கு நான் வரல. நர்ஸ கேப்டனாப் போட்டுக்கோங்க. நான் இல்லாட்டி நாப்பத்தொண்ணு கம்மியாகும்ல." வீட்டுக்குப் போனதும் ஷூவைத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, பரண்மேல் போட்டாள். எங்களுக்கும் பட்டியலில் எங்களுக்கு மேலே இருந்த அணிக்கும் தலா இரண்டே வெற்றி. கடைசி ஆட்டமே அவர்களோடுதான். ஜெயிப்பவர்கள் லீக்கில் இருப்பார்கள், தோற்பவர்கள் வெளியே. அதை எடுத்துச் சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

விழுந்ததை எழுதி வைத்திருக்கும் ஆள் யார் என்று திங்கட்கிழமை வேலையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு ஓட்டைச் சட்டைகள் என் கையைத் தாண்டிப் போய்விட்டன. மாலையில் மணி அடித்ததும் நொண்டிக்கொண்டே சலூனுக்குப் போனேன். சலூன்காரர்தான் லீக்கின் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவர். போடும் ஒவ்வொரு கூடைக்கும் எதிரே போட்டவளின் பனியன் எண்ணை எழுதுவார். ஒருவருக்குப் பாதித் தலைக்கு முடி வெட்டியிருந்தார், அந்தப் பாதித் தலையோடு அந்த ஆள் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

"அந்த மூணு ஆட்டத்துத் தாளும் வேணும் அண்ணா. ஒரு உசுரு போற விஷயம்."

"கூடைப்பந்துல யாருக்கு உசுரு போகுது?" என்று கேட்டபடி சலூன்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். சீப்புகளுக்கு அடியில் எல்லாத் தாளும் தேதிவாரியாக இருந்தன. "விழுந்தது மட்டும்தான் இதுல இருக்கும். விழாதத எழுதி எனக்கென்ன ஆகப் போகுது?"

"அதெல்லாம் என்கிட்ட இருக்குண்ணா," என்றேன்.

காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் தாளையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டினேன். டிரைவர் போட்டது இருபத்தெட்டு, விழுந்தது ஆறு. நர்ஸ் போட்டது இருபத்தேழு, விழுந்தது எட்டு. பேக்கரி இரண்டு பேரும் இருபத்திரண்டு, விழுந்தது ஆறு. அண்ணி போட்டது எழுபது, விழுந்தது இருபத்தொன்பது. மறுபடி கூட்டினேன். இருபத்தொன்பதுதான். மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்து விழுந்ததைவிட அவள் ஒருத்திக்கு விழுந்தது அதிகம், நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தாலும் அவளுக்கு அருகில் யாரும் இல்லை. அணியைச் சுமந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, நீதான் பாரம் என்று ஊர் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நாற்பத்தொரு பச்சைக் குறியில் முப்பத்தைந்து வளையத்துக்கு வலப்பக்கம். இடப்பக்கம் ஆறே ஆறு.

"என்னம்மா, அழறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார் பாதித் தலைக்காரர். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நான் வீடு வந்தபோது அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். நானாகப் போய் மன்னிப்புக் கேட்டது என் வாழ்க்கையில் மொத்தமே இரண்டு தடவை, இது அதில் ஒன்று.

"அண்ணி, நான் ஒரு முட்டாள். உங்க மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்." தாளையும் நோட்டையும் நீட்டி, கூட்டலை வரி வரியாகக் காட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னைச் சமாதானப்படுத்தக் கணக்க மாத்திக் கொண்டாந்திருக்க."

"நான் யாரையாச்சும் சமாதானப்படுத்தி நீங்க பாத்திருக்கீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள். "பந்தக் கையில எடுத்தாலே உன் பேனாதான் ஞாபகம் வருது. கை வரமாட்டேங்குது." "ஒரே ஒரு தடவ வாங்க அண்ணி. நாளைக்குக் காலைல, யாரும் வர்றதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஷூவ நானே பரண்ல போடறேன்," என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே பந்து பொறுக்கினான். வலப்பக்கம் நின்று அண்ணி இருபது தடவை போட்டாள், விழுந்தது ஏழு. இடப்பக்கம் நின்று இருபது போட்டாள். முதல் மூன்றும் விழுந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டேன். அந்த நோட்டில் முதல் வட்டங்கள் அவைதான், பழக்கமில்லாமல் முட்டைபோல வந்தன. பதினான்காவது வட்டம் போடும்போது அண்ணன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

"இவ இடது கைக்காரி. இடது பக்கம்தான் வசதியா இருக்கும். இதக் கண்டுபிடிக்கவா ஒரு நோட்டு? பல்லு தேய்க்கறதப் பாத்தாலே தெரியுமே."

"ஐஞ்சு வருஷமா தெரிஞ்சுக்கிட்டு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றேன்.

"என்னை யாரு கேட்டா?"

அண்ணி வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டிரைவருக்கு வலது கையாலதான் பந்து தட்ட வரும். அதனால வலப்பக்கமாவே கொண்டு வருவா. நானும் அங்கியே போய் நின்னு வாங்கிக்குவேன்," என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவ அங்கியே கொண்டு வரட்டும். எதிராளிங்க எல்லாம் அங்க கூடுவாங்க. நான் இந்தப் பக்கம் தனியா நிக்கறேன். குறுக்கே வீசச் சொல்லு."

அதைக் கேட்டதும் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டேன். வியர்வை பற்றி அண்ணன் ஏதோ சொன்னான், நாங்கள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பித்தது. டிரைவர் வலப்பக்கம் கொண்டு வந்தாள், குறுக்கே வீசினாள். அண்ணி இடப்பக்கம் தனியாக நின்றாள். எல்லாம் பேசி வைத்தபடி. போட்டாள், விழவில்லை. உடனே திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை அல்ல, என் கையிலிருந்த பேனாவை. இரண்டாவது போட்டாள், விழவில்லை. மறுபடி பேனாவைப் பார்த்தாள். நான்கு போட்டு நான்கும் விழாமல், பத்துக்கு இரண்டு என்று பின்தங்கினோம். ஐந்தாவது முறை பந்து வந்தபோது கையை உயர்த்தியவள், இறக்கிவிட்டாள்.

நர்ஸ் இடைவேளை கேட்டாள். அண்ணி தண்ணீரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் நின்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எனக்கு வருவது ஒன்றுதான், நோட்டைப் பிரித்தேன்.

"அண்ணி, ஒரு ஆட்டத்துக்குப் பதினாலு தடவ விடறது உங்க கணக்கு. மூணு ஆட்டத்துலயும் அப்படித்தான் விட்டிருக்கீங்க. விட்டுட்டுத்தான் மத்தவங்க எல்லாரும் சேர்ந்து கூடையில போட்டதவிட அதிகமா போட்டிருக்கீங்க. இப்ப நாலுதான் ஆச்சு. இன்னும் பத்து மிச்சம் இருக்கு. சீக்கிரம் போய் விட்டுட்டு வாங்க."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டிரைவர் முதலில் சிரித்தாள். அப்புறம் அண்ணி சிரித்தாள். வாயில் இருந்த தண்ணீர் நெட்டையின் பனியன்மேல் தெறித்தது.

"பத்தா?"

"பத்து. தாராளமா."

உள்ளே போனாள். ஐந்தாவது விழுந்தது. ஆறாவது விழவில்லை, என்னைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டிவிட்டு ஓடினாள். ஏழாவதும் எட்டாவதும் விழுந்தன. எதிரணி அவளைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்தியது. உடனே நர்ஸ் தனியாகிவிட்டாள், அவள் இரண்டு போட்டாள். அண்ணன் எழுந்து நின்று கத்தியது வீதிவரை கேட்டிருக்கும். என்னைக் கத்தாதே என்று சொன்ன அதே ஆள்.

கடைசி நிமிடத்தில் முப்பத்தேழுக்கு முப்பத்தாறு என்று ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அண்ணி போட்டாள், வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. பந்தை நெட்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி போட்டாள், பலகையில் பட்டுத் திரும்பியது. பேக்கரித் தங்கை தரையில் விழுந்து புரண்டு பந்தைப் பிடித்தாள். எழுந்திருக்காமலே அண்ணி பக்கம் உருட்டிவிட்டாள். ஏழு வினாடி. தொடர்ந்து இரண்டு விட்டவள், நாற்பத்திரண்டு வயது, முட்டியில் பட்டை, தோற்றால் அவ்வளவுதான். அவள் பந்தை எடுத்தாள், நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. வளையத்தை மட்டும் பார்த்தாள். போட்டாள்.

விழுந்தது. வலை அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் எதுவும் கேட்கவில்லை. விசில் ஊதியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிய இரண்டு நாள் இருந்தது. நான் அதற்குள் மைதானத்தின் நடுவே ஓடிப்போயிருந்தேன். அழுதேன், சொல்வதற்கு வெட்கம் என்ன. பேக்கரி அக்காவும் அழுதாள். சலூன்காரர் மேசையில் உட்கார்ந்தபடியே முப்பத்தெட்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மேசையில் உட்கார்கிறவர் கைதட்டக் கூடாதாம், அதனால் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணி என்னிடம் வந்தாள். "இன்னைக்கு எத்தன விட்டேன்?"

நான் எண்ணிப் பார்த்தேன். "பதிமூணு அண்ணி."

"பதினாலுன்னு சொன்னியே."

"ஒண்ணு மிச்சம்."

அண்ணி பந்தைக் கேட்டு வாங்கினாள். எல்லோரும் பை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். பந்து வளையத்துக்கு எட்டடி தள்ளிப் பறந்து, சுவரில் மோதி, அண்ணனின் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு உருண்டது. இரண்டு அணியும் கைதட்டின. அண்ணி கண்ணைத் திறந்து, "எழுதிக்கோ," என்றாள்.

பச்சைப் பேனாவை எடுத்து, அவள் நின்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.